நகமில்லாத பல்லி

நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நான்காம் வகுப்பு ஆசிரியை தாம் வரைந்த பல்லியின் முன்கால் விரல்களை எண்ணினார்.

நான்கு.

நேற்று ஆசிரியர் அறையில் எண்ணியபோதும் நான்குதான்.

வினாத்தாளின் பதினோராம் கேள்வி அது. படத்திலுள்ள விலங்கு முதுகெலும்புள்ளவற்றின் ஐந்து வகைகளுள் எதைச் சேர்ந்தது? காரணம் தருக. இரண்டு மதிப்பெண். படம் அவர் கைவேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்பிலிருந்த பால் பொங்குவதற்குள் வரைந்து முடித்தது.

முப்பத்தொன்பது பேர் ‘ஊர்வன’ என்று எழுதி, பல்லி என்பதால் என்று காரணமும் காட்டி, இரண்டையும் வாங்கிவிட்டார்கள்.

மூன்றாம் பெஞ்சுக்காரி மட்டும் ‘இருவாழ்வி’ என்று, தவளையின் வகையில் சேர்த்து எழுதியிருந்தாள். செதில் இல்லை, நகம் இல்லை, முன்காலில் விரல் நான்கே. ஆகவே இது பல்லி போலிருக்கும் சாலமாண்டர்.

ஆசிரியை முதல் சொல்லைத் தாண்டிப் படிக்காமலேயே பூஜ்யம் இட்டிருந்தார்.

‘பார்த்ததும் பெயர் வைக்காதே, அடையாளத்தைத் தேடு’ என்று கரும்பலகையின் மூலையில் ஆண்டு முழுவதும் எழுதிவைத்திருப்பவர் அவர்தான். பல்லிக்குக் காலுக்கு ஐந்து விரல், விரலுக்கு ஒரு நகம் என்று போன மாதம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

திருத்திய தாளில் பெற்றோர் கையொப்பம் வாங்கிவர வேண்டும். மற்ற தாள்கள் மறுநாளே வந்து சேர்ந்தன. இந்த ஒன்று மட்டும் நான்கு நாளாக வெறும் கோட்டோடு வந்துகொண்டிருந்தது.

“கையெழுத்து எங்கே?” என்று சற்றுமுன் கேட்டார்.

“மார்க் சரியானதும் வாங்கிக்கறேன், டீச்சர்.” முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

சரியாக்குவதில்தான் சங்கடம். பள்ளிகளுக்கிடையிலான வினாடி வினாவுக்கு வகுப்புக்கு ஒருவர்தான். முதல் பெஞ்சுக் கண்ணாடிக்காரன் இருபத்து நான்கு. இவள் இருபத்து மூன்று. இன்று மாலைக்குள் பெயர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அவன் வீட்டில் புது ஷூவே வாங்கியாகிவிட்டது.

“கண்டும் காணாம விட்டுடுங்கக்கா,” என்றிருந்தார் பக்கத்து வகுப்பு ஆசிரியை. “போயும் போயும் ஒரு பல்லிக்காக ஊர்ப் பேச்சைத் தலையில வாங்கிக் கட்டிக்குவாங்களா?”

ஆசிரியை எழுந்தார். வினாத்தாளில் இருந்தபடியே, ஒரு கோடு கூட்டாமல் குறைக்காமல், கரும்பலகையில் பெரிதாக வரைந்தார். குச்சியால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். வகுப்பு சேர்ந்து எண்ணி, நான்கில் நின்று, ஐந்தாவதைத் தேடியது.

“டீச்சர், அது பல்லிதானே?” என்றான் கண்ணாடிக்காரன். “நீங்கதானே வரைஞ்சீங்க?”

“நான் வரைய நினைச்சது பல்லி. வரைஞ்சது பல்லி இல்லை. தப்பு என்னோடது, அதனால யார் மார்க்கும் குறையாது. ஆனா அவ எழுதினதுதான் சரி.”

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினான். துடைத்து முடிக்கவே இல்லை.

கடைசி பெஞ்சில் யாரோ யார் காதிலோ ஏதோ கிசுகிசுத்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். அது ஆசிரியையின் காதிலும் விழுந்தது. விழ விட்டுக்கொண்டே, மூன்றாம் பெஞ்சுக்காரியின் தாளை மேசைமேல் விரித்து, பூஜ்யத்தை அடித்து இரண்டு என்றும், இருபத்து மூன்றை அடித்து இருபத்தைந்து என்றும் எழுதினார். அடித்த இரண்டு இடங்களிலும் சுருக்கொப்பம் இட்டார். வினாடி வினாப் படிவத்தையும் இழுத்து, அதில் அவள் பெயரை எழுதினார்.

அவள் வந்து தாளை வாங்கிக்கொண்டாள். கூட்டலை ஒருமுறை சரிபார்த்தாள்.

ஆனால் இடத்துக்குத் திரும்பவில்லை. தாளை மறுபடி மேசைமேல் வைத்து, அடியில் காலியாக இருந்த கோட்டின்மேல் விரலை வைத்தாள். பெற்றோர் கையொப்பம்.

“இங்கயும், டீச்சர்.”

ஆசிரியை பேனாவை மூடினார்.

“அது வீட்டுக்கு வந்து போடறேன். போய் உக்காரு.”