புதுச் சட்டியில் காளான்

சட்டி முழுக்கக் காளான்.

நூர் பீவி மூடியை எடுத்ததும் பிரியாணி வாசனை எங்கள் ஊரப்பாக்கம் வீட்டு ஹாலைத் தூக்கியது. அம்மா மட்டும் மூச்சை இழுக்கவில்லை.

பட்டு என்கிற என் அம்மாவின் சமையலறைக்குள் காளான் நுழைந்ததே கிடையாது. வெங்காயம் வந்தது, பூண்டு வந்தது, என் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைக்காக நூடுல்ஸ்கூட வந்துவிட்டது. காளானுக்கு மட்டும் தடா.

பாவம், நூர் பீவிக்கு அது எப்படித் தெரியும்? ஐயங்கார் வீட்டில் கறி ஆகாது, முட்டை ஆகாது என்பது வரைக்கும் தெரியும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் புதுச் சட்டியும் புதுக் கரண்டியும் வாங்கி, பார்த்துப் பார்த்துச் சமைத்து, கணவர் அப்துல் கஃபாரோடு ரயிலேறி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். சைவம் என்றால் காளான்தானே விசேஷம் என்று நினைத்துவிட்டார்.

“கறி படாத சட்டிக்கா. தைரியமா சாப்புடுங்க.”

முகத்தில் அப்படி ஒரு பெருமை. அம்மா ‘எங்களுக்கு ஆகாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த முகம் வாடிவிடும். அம்மாவுக்கோ மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பழக்கமான குடும்பம் அது. அப்பாவுக்கும் அப்துல் கஃபாருக்கும் ஒரே நாளில்தான் கிட்னி மாற்றினார்கள். கொடுப்பதற்காக அம்மாவும் நூர் பீவியும் அன்றைக்கே ஆபரேஷன் டேபிளில் படுத்தார்கள். நாலு பேரும் நன்றாக இருக்கிறார்கள், வருஷமும் ஒன்று ஆகிவிட்டது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

அப்பா எதையும் கண்டுகொள்ளாமல் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

நான் தாம்பரத்தில் பயாலஜி டீச்சர். வாய் சும்மா இருக்குமா? அலமாரியில் இருந்த மாத்திரை டப்பாவைக் காட்டி, அப்பா காலையும் ராத்திரியும் விழுங்குகிற மாத்திரைகளில் ஒன்றுக்கு மூலச்சரக்கே பூஞ்சைதான், அது காளானுக்குப் பங்காளி முறை என்று போட்டு உடைத்தேன்.

அம்மா என்னை முறைத்தாள். அந்த டப்பாவைத் தினமும் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து, சேவித்துவிட்டு எடுத்துக் கொடுப்பவள் அவள். அப்படியானால் பெருமாள் பக்கத்திலேயே ஒரு வருஷமாகக் காளான் குடியிருக்கிறதா என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அப்துல் கஃபாருக்குச் சிரிப்பில் புரையேறியது. அவருக்கும் அதே மாத்திரைதான்.

அது உள்ளே போய் என்னதான் செய்கிறது என்றாள் அம்மா.

புதிதாக வைத்த கிட்னியை, ‘நீ யாரோ வேற்றாள்’ என்று உடம்பு கண்டுபிடித்து விரட்டப் பார்க்கும், விரட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை என்றேன்.

அம்மா அப்பாவின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு நூர் பீவியைப் பார்த்தாள். இந்த வீட்டில் காளானும் ஆகாது என்பது நூர் பீவிக்கு அப்போதுதான் புரிந்தது. சத்தமில்லாமல் சட்டியை மூடப் போனார்.

அம்மா அந்த மூடியை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். கரண்டியை எடுத்து அப்பாவுக்குப் பரிமாறினாள். தன் தட்டிலும் போட்டுக்கொண்டாள். ஒரு காளானை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். கண்ணைத் திறந்து இன்னொன்றைத் தேடி எடுத்தாள்.

எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது.

அடுத்து அப்துல் கஃபார் தட்டில் பரிமாறிவிட்டு, அவருடைய டம்ளரில் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

“நிறைய ஜலம் குடிக்கணும் பாய். உங்களுக்குள்ள இருக்கறது என்னோடதாக்கும்.”

கட்டியவருக்கு ரத்த குரூப் சேராததால், அம்மாவும் நூர் பீவியும் கிட்னியைக் குறுக்கே மாற்றிக் கொடுத்திருந்தார்கள்.

“அப்போ சாருக்கு நான்தான் ஊத்தணும்” என்று நூர் பீவி ஜக்கை வாங்கிக்கொண்டார்.