பாதி மலையில் நின்ற வண்டி

வண்டி நின்றதும் எகோன் முதல் வேலையாகப் பெட்ரோல் டாங்க்கின் மூடியைத் திறந்து பார்த்தார். முக்கால் டாங்க் இருந்தது. "பெட்ரோலுக்குக் குறைச்சல் இல்லை" என்றார், காற்றைப் பார்த்து.

பின்பெட்டியில் காலிக் கூடைகளுக்கு நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த தம்பி லோரென்ஸ் பதில் சொல்லவில்லை. ஒன்பது வருடமாகவே சொல்வதில்லை.

ஏணியைச் சாத்தி வைத்தது போன்ற சரிவு. ஒற்றைத் தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் கவ்விக்கொண்டு வண்டி தொங்கியது. எகோனுக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது; லோரென்ஸுக்கு வலது தோள் சரியில்லை. இறங்கி நடந்தால் நேராக நெக்கர் ஆற்றில் போய்த்தான் நிற்க வேண்டும்.

அப்பா மலையைப் பிரித்தபோது அடிவாரத்துத் திராட்சை அண்ணனுக்கு, உச்சித் திராட்சை தம்பிக்கு என்று கொடுத்தார். கீழே விளைவது லேசான சிவப்பு, மேலே விளைவது அடர்த்தியான சிவப்பு. இரண்டையும் கலந்ததுதான் அந்த வீட்டு ஒயின்.

பாட்டிலில் யார் பெயரை முதலில் போடுவது என்று ஆரம்பித்த சண்டையில் கலப்பதே நின்றுபோனது. தண்டவாளம் மட்டும் பொது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வண்டிக் கொட்டகைப் பலகையில் சாக்பீஸால் எழுதிக்கொள்வார்கள். நேற்று தம்பி எழுதியிருந்தார்: 'தோள் வலி. கூடைகளை மேலே கொண்டுபோக வேண்டும். வண்டி ஓட்ட ஆள் தேவை.' அதன் கீழே அண்ணன் எழுதினார்: 'நான் வருகிறேன்.'

நாளை அறுவடை. உச்சித் தோட்டத்துக்கு அதுதான் கடைசி அறுவடை. குளிர்காலத்தில் கொடிகளைப் பிடுங்கிவிட்டு லோரென்ஸ் மகளோடு போய் இருக்கப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. எகோனுக்கு அதில் இஷ்டமில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

"தள்ளு." லோரென்ஸ் கூடைகளைத் தாண்டி முன்னால் வந்தார். எஞ்சினின் தகர மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டுக் குடைந்துவிட்டு மூடினார். "பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு." கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

எகோன் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை நாலு தடவை இழுத்தார். ம்ஹூம்.

"போன் வச்சிருக்கியா?" என்று கேட்டார் எகோன்.

"வீட்ல கிடக்கு. உன்னோடது?"

"வேற கோட்டுல இருக்கு."

கீழே சாலையில் ஒரு டிராக்டர் போனது. எகோன் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். டிராக்டர்காரனும் சந்தோஷமாகக் கையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

"ஒன்பது வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஒண்ணா உலாப் போறோம்னு நினைச்சிருப்பான்" என்றார் லோரென்ஸ்.

வெயில் ஏறியது. ஒதுங்க நிழலில்லை, காலை நீட்டக்கூட இடமில்லை. எகோன் தன் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துப் பின்னால் நீட்டினார். லோரென்ஸ் இடது கையால் வாங்கிக்கொண்டார்.

"போன வாரம் உன் ஒயினைக் குடிச்சேன். கஷாயம்டா அது."

"உன்னோடதை நானும் குடிச்சேன். கிளாஸ் கழுவின தண்ணி."

எகோனுக்குச் சிரிப்பு வந்தது. "அந்தத் தண்ணியில கொஞ்சம் கஷாயத்தை விட்டா நல்லாத்தான் இருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "கொடியைப் பிடுங்காதடா. மேலே நான் ஆள் வச்சுப் பாத்துக்கிறேன். உன் பேரையே முதல்ல போட்டுக்கோ" என்றார்.

லோரென்ஸ் ரொட்டியை மென்று முடிக்க வெகுநேரம் ஆனது. "நீ வந்து வேணாம்னு சொல்ல மாட்டியான்னுதான் பிடுங்கப்போறேன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீ வந்தாத்தானே?"

எகோன் வியர்வையைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தம்பி பார்க்காத சமயத்தில் டாங்க்குக்கு அடியில் கையை நுழைத்து, பெட்ரோல் வரும் குழாயைத் திறந்துவிட்டார். அடிவாரத்தில் கிளம்பும்போதே அதை மூடியவர் அவர்தான். எஞ்சினுக்குள் மிச்சமிருந்த பெட்ரோல் பாதி மலை வரைக்கும் வரும் என்று அவருக்குத் தெரியும்.

"கடைசியா ஒரு தடவை இழுத்துப் பாக்கிறேன்" என்று சாவகாசமாகச் சொன்னார்.

இழுத்தார். எஞ்சின் அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். பத்து தடவை இழுத்தார். உள்ளங்கை எரிந்தது. கீழே ஆறு, மேலே வெயில், ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது வந்த வியர்வை நிஜ வியர்வை.

"லோரென்ஸ், இப்ப நெசமாவே மாட்டிக்கிட்டோம்டா!"

இவ்வளவு நேரம் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்த வலது கையை லோரென்ஸ் மெல்ல வெளியே எடுத்து விரித்தார். உள்ளங்கையில் ஒரு சின்னக் கறுப்பு ரப்பர் மூடி இருந்தது.

"பிளக் கேப் இல்லாம எப்படிண்ணே ஓடும்?"