பாச்சலூர் எந்திரிக்க மாட்டேங்குது

“வேல் சார், பாச்சலூர் எந்திரிக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரியிலருந்து போன் மேல போன். கொஞ்சம் பாருங்க.”

தேவசேனா மடிக்கணினியைக் கொண்டுவந்து கணவனின் முன்னால் வைத்தாள்.

குழந்தைவேல் போர்வையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். மலைமேல் செண்பகனூரில் மதியமே மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. கீழே டவுன் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் சொன்ன பாச்சலூர் ஊர் இல்லை, ஒரு சர்வர்.

மதுரையில் இருவரும் வேலை பார்த்த சின்ன நிறுவனத்தில் ஒரே ஒரு பெரிய இயந்திரம்தான் இருந்தது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு விர்ச்சுவல் சர்வர்கள் ஓடும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எண் போட்டுப் பெயர் வைக்கச் சொன்னார்கள். மலைக்காரனான குழந்தைவேல் மலையூர்களின் பெயரை வைத்தான். மன்னவனூர் சம்பளக் கணக்குப் பார்த்தது. ஆடலூர் மின்னஞ்சல் அனுப்பியது. பாச்சலூர் ஒரு மருத்துவமனையின் பதிவுகளைச் சுமந்தது.

அடிக்கடி படுத்துக்கொள்வதும் அதுதான். புதிதாகச் சேர்ந்திருந்த தேவசேனா, பரோட்டாக் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தின் மரப்படிகளில் தடதடவென்று ஏறி, அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, மூச்சு வாங்க இதையேதான் சொல்வாள்.

ஏசி சர்வர் அறையில் மட்டும். சித்திரை வெயிலில் எல்லோரும் டிபன் பாக்ஸோடு அங்கே போய்விடுவார்கள். மின்விசிறிகளின் இரைச்சலில் கத்திக் கத்தித்தான் பேச முடியும். அந்த இரைச்சலில்தான் அவன் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டான். அவள் காதில் விழவில்லை. “என்ன சார்? என்ன?” என்றாள். கடைசியில் அவன் கத்தியது, கீழே பரோட்டா போடுகிறவருக்குக்கூடக் கேட்டுவிட்டது.

போன வருடம் மூளையில் ரத்தம் கசிந்ததிலிருந்து அவனுடைய வலது கை மடியிலேயே கிடக்கிறது. பரோட்டாக் கடை நினைவிருக்கும். காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. பக்கத்து வீட்டு முருகேஸ்வரி யாரென்று தினமும் கேட்பான்.

இப்போது திரையைப் பார்த்தான்.

பாச்சலூர் பாதிவரை எழுந்து, ஏதோ ஒரு சேமிப்பு வட்டுக்காகக் காத்திருந்து, அது கிடைக்காமல் எமர்ஜென்சி நிலையில் விழுந்து கிடந்தது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று சிமிட்டியது.

இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். எந்த வட்டை எங்கே பொருத்த வேண்டும் என்று எழுதியிருக்கும் கோப்பைத் திறந்தான். உண்மையில் இருக்கும் வட்டின் அடையாள எண்ணையும், கோப்பில் எழுதியிருப்பதையும் விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே போனான்.

விரல் ஓரிடத்தில் நின்றது. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

மாற்றினான். ஆனால் சேமிக்க முடியவில்லை. வட்டு வாசிக்க மட்டுமே திறந்திருந்தது. எழுதுவதற்குத் திறக்க ஒரு கட்டளை வேண்டும்.

அந்தக் கட்டளை வரவில்லை.

அவன் உதடுகள் அசைந்தன. கை விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றது. தேவசேனாவுக்கு அது ஒற்றை வரி, தூக்கத்திலும் சொல்வாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. போய் அணைக்கவில்லை.

பிறகு அவன் விரல்கள் தானாகவே நகர்ந்தன. மண்டைக்கு வராதது விரலுக்கு வந்திருந்தது.

சேமித்தான். மறுபடி ஓடவிட்டான். திரையில் வரிகள் சரசரவென்று மேலே ஏறின. பாச்சலூர் எழுந்து, பெயரைச் சொல்லி, யார் நீ என்று கேட்டது.

தேவசேனா மூச்சை விட்டாள். “அப்பாடா. ஆஸ்பத்திரிக்குச் சொல்லிர்றேன்.”

“எந்த ஆஸ்பத்திரிக்கு?” என்றான் குழந்தைவேல்.

அவள் திரும்பினாள்.

“நேத்து டிஸ்க்க நெறச்சு வெச்ச. முந்தாநாளு நெட்வொர்க்க அத்து விட்ட. இன்னைக்கு ஒரு நம்பரு. நாளைக்காச்சும் கொஞ்சம் கஷ்டமாக் கெடுத்து வையி.” ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

அந்த நிறுவனத்தை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மருத்துவமனையின் பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டு, வெறும் கூடாக இருந்த பாச்சலூரை மட்டும் ஒரு நகல் எடுத்து அவள் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அவனைக் கூட்டிவந்த நாளிலிருந்து, அவன் குளிக்கும் நேரத்தில் அதை எங்காவது கெடுத்து வைப்பாள். மதியம் ஓடிவருவாள்.

பிடிபட்டதை அவள் நினைக்கவே இல்லை.

நேத்து என்றான். முந்தாநாளு என்றான்.

“என்னங்க, நேத்து… நேத்து நடந்தது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?”

அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, திரை அவளுக்குத் தெரியாதபடி திருப்பிக்கொண்டான்.

“உக்காரு. அந்தப் பக்கம் திரும்பிக்க. இப்ப நான் கெடுக்குறேன், நீ சரி பண்ணு.”

தேவசேனா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று அப்படியே விட்டாள்.

முதுகுக்குப் பின்னால் ஒற்றை விரல் தட்டும் சத்தம். நின்றது. மறுபடி தட்டியது.

“இன்னும் திரும்பாத” என்றான்.