கடைசித் தொட்டில்

மில்லில் வேலை செய்கிறவர்கள் பிள்ளைகளை விட்டுவைக்க ஓர் அறை சட்டப்படி இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். நூல் பெட்டிகளை அடுக்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். சண்முகக்கனி கைக்குழந்தையோடு வந்து கேட்டபோதெல்லாம், "சாவி ஆபீஸ்ல இருக்கு, பாப்போம்" என்பார் சூப்பர்வைசர். பிள்ளையை வீட்டில் ஏழு வயதான மூத்த மகளிடம் விட்டுவிட்டு அவள் வேலைக்கு வந்த ஒருநாள், அது தண்ணீர் அண்டாவுக்குள் தலைகுப்புறக் கிடந்தது.

இன்று ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். பெட்டிகளை வெளியேற்றிவிட்டுப் புதுக் கயிற்றில் தொட்டில் கட்டியிருந்தார்கள். பிள்ளை உள்ளவர்களிடமெல்லாம் தூக்கிவரச் சொல்லியாயிற்று.

"கனி, உனக்குத்தான் இப்ப கையில பிள்ளை இல்லையே. நீ ஆயாவா இரு" என்றார் சூப்பர்வைசர்.

அவள் எல்லாத் தொட்டிலையும் ஆட்டினாள். காலியாகக் கிடந்த கடைசித் தொட்டிலையும் ஆட்டினாள். அதிகாரி அம்மாள் அதன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுல யாரும் இல்லையே?"

"இன்னைக்கு வரல மேடம். நாளைக்கு வந்துரும்" என்று முந்திக்கொண்டார் சூப்பர்வைசர்.

"வந்துருமாம்மா?" என்று அதிகாரி கனியைக் கேட்டார்.

கனி கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாளில் பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"நாளைக்குக் கதவு தொறந்திருக்குமா மேடம்?"