டிக் அடித்த தலை

ஒரு கணக்கு முடிந்ததும் பிடரியில் கிளம்பிய வலி கண்ணுக்குப் பின்னால் வந்து நின்றது. ஆள் தலைகளைக் கூலிக்கு எடுத்துக் கணக்குப் போடும் இயற்கணித மென்பொருளில் கொம்பையாவின் தலையும் ஒரு கட்டளை. எங்கோ இருக்கிறவன் கட்டளையின் பெயர் தெரியாமல், தனக்கு வேண்டிய ஆப்ஷன்களை மட்டும் கொடுத்துத் தேடுவான். அந்த ஆப்ஷன்கள் உள்ள தலைக்குள் கணக்கு இறங்கும். இறங்கிவிட்டால் விடை வரும்வரை உடம்பு அசையாது, வாய் திறக்காது.

மூட்டை தூக்கிய நாளில் எந்த லாரிக்கு ஆள் கேட்டாலும் முதலில் கை தூக்குகிறவன் கொம்பையா. மென்பொருளில் தலையைப் பதியும்போதும் அதே பழக்கத்தில் இருந்த ஆப்ஷனுக்கெல்லாம் டிக் அடித்துவிட்டான். இப்போது யார் எதைத் தேடினாலும் அவன்தான் கிடைக்கிறான்.

இன்று தங்கை சுடலியின் மகளுக்குக் காதுகுத்து. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார்.

"அந்த டிக்கை எடுத்துத் தொலையேண்ணே," என்றாள் சுடலி.

"ஒரு நாள் முழுக்கத் தலை சும்மா இருந்தாத்தான் கம்பெனிக்காரன் எடுக்க விடுவானாம்."

"சின்ன வயசுல எந்நேரமும் சும்மாத்தான இருந்துச்சு."

சிரித்துக்கொண்டே, தன் மடியில் உட்காரவைக்கப் பிள்ளையை வாங்கக் கை நீட்டினான். கணக்கு இறங்கியது. நீட்டிய கை அப்படியே நின்றது.

"நல்ல நேரம் முடியுதும்மா," என்றார் ஆசாரி.

சுடலி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையைப் புருஷன் மடியில் உட்காரவைத்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. கொம்பையாவுக்கு எல்லாம் கேட்டது. அழுகை ஓய்ந்து, பந்தியில் இலை போட்ட பிறகுதான் விடை வந்தது.

மருமகளுக்குத் தாய்மாமன் மடி பாக்கி.