இல்லாத வாக்கியம்

"இன்னொரு தடவை சொல்லு," என்றேன்.

பெஹ்னாம் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "தாய கியான், ஹாத்மவா."

அம்மா, வந்துவிட்டேன். குர்திய மொழியில் அவன் திக்காமல் சொல்லப் பழகிய முதல் வாக்கியம் அதுதான்.

ஹலப்ஜா நகர மண்டபத்தில் நாற்காலி போதாமல் ஆட்கள் ஜன்னல்களில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் இன்னும் உள்ளறையில்தான் இருந்தார். ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது என்று காலையிலேயே ஊருக்குத் தெரியும்.

இந்த ஊரின்மேல் விஷப்புகைக் குண்டு விழுந்தபோது பெஹ்னாமுக்கு ஐந்தாறு மாதம் இருக்கும். ஈரான் சிப்பாய்கள் யாரோ தூக்கிக்கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே வேலை பார்த்த ஒருத்தி அவனை ஈரானின் மஷ்ஹத் நகருக்குக் கொண்டுபோய் மகனாக வளர்த்தாள். இருபத்தோரு வருஷம் கழித்து உண்மையைச் சொல்லி, பெற்றவளைப் பார்த்துவிட்டு வா என்று பஸ் ஏற்றிவிட்டதும் அவள்தான்.

வந்தவனுக்குப் பாரசீகம் மட்டும்தான் தெரியும். அம்மா யாரென்று தெரிவதற்குள் அவளோடு பேச நாலு வாக்கியமாவது சொல்லித்தர ஆள் வேண்டும் என்று நகராட்சியில் கேட்டார்கள்.

நான் ஈரானில் அகதி முகாமில் ஆறு வருஷம் இருந்தவள். முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தேன்.

நாற்பது நாள். தினமும் காலையில் என் வீட்டுக்கு வருவான். பசிக்கிறது. குளிர்கிறது. இன்னும் கொஞ்சம் சோறு போடு. போதும், வயிறு வெடித்துவிடும். ஒரு மகன் அம்மாவிடம் பேசுவதெல்லாம் இவ்வளவுதானே.

பிள்ளை என்பதற்கு எங்கள் சொல் மிந்தாள். அந்தக் கடைசி ளகரத்தை நாக்கைத் தடிப்பாக வைத்துச் சொல்ல வேண்டும். அவனுக்கு அது வர மூன்று வாரம் ஆயிற்று.

தலை வலிக்கிறது என்று சொல்லச் சொன்னால் முகத்தையும் சேர்த்துச் சுளித்துக் காட்டுவான். ஒருநாள் என்னை அறியாமலே அவன் நெற்றியில் கை வைத்துவிட்டேன்.

"காய்ச்சல் இல்ல சித்தி, பாடம்," என்று சிரித்தான்.

டாக்டர் வந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். முன்வரிசையில், அன்று பிள்ளையைத் தொலைத்து, இவன் தன் மகனோ என்று ரத்தம் கொடுத்த பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள்.

"ஹப்ஸா," என்றார்.

ஹப்ஸாவைப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தோளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள்.

பெஹ்னாம் என்னைத் திரும்பிப் பார்த்தான். போ என்றேன். சத்தம் வந்ததா தெரியவில்லை. போனான்.

அவள் எதிரே நின்று சொன்னான். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

ஹப்ஸா போட்ட கூச்சலில் ஜன்னலில் இருந்தவர்கள் கீழே குதித்துவிட்டார்கள். அவள் அவன் கழுத்தை முகர்ந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். மண்டபமே அழுதது. போட்டோக்காரனும் அழுதுகொண்டே எடுத்தான்.

"என்னமா சொல்லிக் குடுத்திருக்கே ருனாக்! இங்கேயே பொறந்து வளந்தவன் மாதிரியில்ல பேசுறான்," என்று யாரோ என் முதுகில் தட்டினார்கள்.

கால் மணி நேரம் போயிருக்கும். பெஹ்னாம் கூட்டத்திலிருந்து நழுவி, தூண் பக்கம் நின்ற என்னிடம் வந்தான். சட்டைக் காலர் ஹப்ஸாவின் கண்ணீரில் நனைந்திருந்தது.

"சித்தி, அவங்க அறை, கட்டில்னு என்னென்னவோ சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு. மஷ்ஹத்துல அம்மா தனியா இருக்காங்க, முட்டி வலியோட." குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு நாள் இருந்துட்டு எங்க வீட்டுக்குப் போயிடுவேன்னு இவங்க மனசு நோகாம எப்படிச் சொல்றது?"

எளிய வாக்கியம். நாலே சொல். என் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

கூட்டத்துக்கு நடுவில் ஹப்ஸா, அவன் எங்கே என்று கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.

"அப்படிச் சொல்ல எங்க மொழியில வார்த்தையே கிடையாதுப்பா," என்றேன்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

அவன் சந்தேகப்படவில்லை. நாற்பது நாளாக நான் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொண்டவன். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். ஹப்ஸா அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டாள். தெரிந்த ஒன்றைப் பதிலாகச் சொன்னான். பாஷிம். நன்றாக இருக்கிறேன்.

அவள் அவனை அணைத்துக்கொண்டாள்.

நான் சொன்னது அவளுக்காக என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் மைக்கை அணைத்துவிட்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மற்றப் பெண்களிடம் ஒவ்வொருவராகக் குனிந்து, மெல்லிய குரலில் இரண்டு வார்த்தை பேசி, ரத்தம் பொருந்தவில்லை என்ற காகிதத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே போனார். யாரும் பிரித்துப் படிக்கவில்லை.

வரிசை முடிந்ததும் அவர் நிமிர்ந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். தூண் பக்கம் என்னைக் கண்டதும், என் பெயர் எழுதிய கடைசிக் காகிதத்தோடு என்னை நோக்கி நடந்து வந்தார்.