எதிராளியின் பக்கம்

“இடுப்பு ரெண்டாக் கழண்டுடுச்சு” என்று முனகிக்கொண்டே அண்ணன்காரன் தங்கச்சி வீட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான்.

“பெல்ட்டக் கட்டிக்கிட்டுப் பெட்டி தூக்குன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. எங்கண்ணா அது?”

“எங்கயோ போட்டுட்டேன். அத விடு. உன் புருஷனக் கூப்பிடு. வெள்ளிக்கிழமை விசாரணை. மனுஷன் இன்னும் வாயே தொறக்கல.”

மாப்பிள்ளை ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். இருவருக்கும் ஒரே கிடங்கில் சுமை ஏற்றும் வேலை. போன வாரம் யாரோ பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைக் கொண்டுபோய் இரும்பு ரேக்கில் இடித்ததில் நாற்பது பெட்டி டைல்ஸ் தூளாகிவிட்டது. மேனேஜர் ஓடி வந்தபோது துடைப்பத்தோடு அங்கே நின்றவர் மாப்பிள்ளை ஒருவர்தான். பழி அவர் தலையில் விழுந்தது.

வேலை போனால் வீடும் போய்விடும். வீடு கம்பெனி கொடுத்தது. இதில் இன்னொரு சங்கடம் வேறு. மாப்பிள்ளை பிறந்ததும் படித்ததும் பிரெஞ்சு பேசும் ஊரில். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் பிரெஞ்சு என்று வளர்ந்தவர். விசாரணையோ இங்கிலீஷில்.

“மொதல்ல தமிழ்லயே பேசிப் பாப்போம். நான்தான் மேனேஜர். நீதான்யா இடிச்சேங்கிறேன். என்ன சொல்வீங்க?” என்றான் அண்ணன்காரன்.

மாப்பிள்ளை பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து நின்றார். “மேனேஜர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அங்க நான்தான் இருந்தேன். எனக்கு வண்டி ஓட்டவும் தெரியும். அன்னைக்கு ரொம்பக் களைப்பு வேற...”

“நிறுத்துங்க மாப்ளே! சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான். அந்த ஆளுக்கே இவ்வளவு தோணியிருக்காது.”

தங்கச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எங்க ஸ்கூல்ல அப்படித்தான் மச்சான் பழக்கினாங்க. மொதல்ல எதிராளி பக்கத்த முழுசாப் பேசணும். அப்புறம் நம்ம பக்கம். கடைசியிலதான் முடிவு.”

“நீங்க முடிவுக்கு வர்றதுக்குள்ள உங்க சோலிய முடிச்சுடுவான். இங்க மொத வார்த்தையே ‘ஐ டிஸ்அக்ரீ’. ஒத்துக்க மாட்டேன். அடுத்தது ‘பிகாஸ்’. ஏன்னா, இன்னின்ன காரணம். அவன் சரியா ஒண்ணு சொல்லிட்டான்னு வைங்க, ‘ஐ சீ யுவர் பாயிண்ட், பட்’. நீ சொல்றது புரியுது, ஆனா... அந்தப் ‘பட்’டுக்கு முன்னாடி மூச்சு விடாதீங்க. விட்டா அவன் உள்ள பூந்துடுவான்.”

மாப்பிள்ளை ஒரு பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் அத்தனையையும் பிரெஞ்சு எழுத்தில் உச்சரிப்போடு எழுதிக்கொண்டார்.

“‘தேர் இஸ் நோ ப்ரூஃப்.’ ஆதாரம் இல்ல. இத மேசையத் தட்டிச் சொல்லணும். அங்க நின்னவன்தான் இடிச்சவனா? அப்போ தீயணைக்கப் போறவன்தான் தீ வச்சவனா?”

“ஆதாரம் நம்ம கையில இருந்தா மச்சான்?”

“எடுத்து மேசை மேல போடணும். ஆதாரத்தக் கையில வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கிறவன மாதிரி மடையன் உலகத்துலயே கிடையாது.”

மாப்பிள்ளை அதையும் எழுதிக்கொண்டார். “வேற யாரு இடிச்சதுன்னு கேட்டா?”

அண்ணன்காரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். “‘ஐ கான்ட் சே.’ என்னால சொல்ல முடியாது. அவ்வளவுதான். கண்டுபிடிக்கிறது அவங்க பாடு.”

வெள்ளி வரைக்கும் ஒரு சாயங்காலம்கூடத் தவறவில்லை. வேலை முடிந்ததும் நேராக வந்து, திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தான். “கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும்” என்று தங்கச்சி கண் கலங்கினாள். “என் தங்கச்சி தெருவுல நிக்க நான் விட்டுடுவேனா?” என்றான்.

வெள்ளிக்கிழமை, மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தான். கண்ணாடிக் கதவு வழியே மாப்பிள்ளையின் முதுகு மட்டும் தெரிந்தது. கை மேலே போய் மேசையில் இறங்கியது. ‘தட்டிட்டாருய்யா!’ என்று இவன் தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான்.

அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை வெளியே வந்தார்.

“வேலை தப்பிச்சுது மச்சான். வீடும் தப்பிச்சுது.”

“நான் சொல்லல? யாரு குடுத்த ட்ரெயினிங்! எல்லாத்தையும் அப்படியே சொன்னீங்களா?”

“அப்படியே சொன்னேன். வேற யாருன்னு மூணு வாட்டி கேட்டாங்க. மூணு வாட்டியும் ‘ஐ கான்ட் சே’தான். ஒண்ணே ஒண்ணுலதான் உங்க பேச்சக் கேக்கல.”

“எதுல?”

மாப்பிள்ளை தோள்பையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த இடுப்பு பெல்ட்டை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

“அன்னைக்கு இடிச்சு நின்ன வண்டியோட சீட்டுல கெடந்துச்சு. மேனேஜர் வர்றதுக்குள்ள எடுத்துப் பையில போட்டுட்டேன். பழக்க தோஷம் மச்சான், எதிராளி பக்கத்தயும் யோசிச்சுப் பாத்தேன். பாவம், அவருக்கும் இடுப்பு வலி.”

அண்ணன்காரன் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த லாரிக்குப் பெட்டி ஏற்றப் போனான். மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.